பிள்ளையோடு போகும் பணம்

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் நம் இல்லங்கள் பலவற்றிலும் ஒரே பேச்சுத்தான். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? அரசுப் பள்ளியென்றால் கட்டணமில்லை. ஆயினும் மனத்தில் ஒரு தயக்கம். தனியார் பள்ளியென்றால் மார்க்கக் கல்வியும் ஒழுக்கமும் ஆங்கிலமும் கிடைக்குமென்ற நம்பிக்கை. ஆயினும் கட்டணத்தை நினைத்தால் வாப்பாவின் முகம் வாடிவிடும். இந்த நிலையில் அரசாங்கமே முன்வந்து, "உங்கள் பிள்ளைக்காக அரசுப் பள்ளியில் செலவிடும் தொகையை உங்களிடமே தருகிறோம், விரும்பிய பள்ளியில் சேர்த்துக் கொள்ளுங்கள்" என்று சொன்னால் வேண்டாமென்று மறுப்பவர் யார்?

இது கற்பனையன்று. அமெரிக்காவில் முப்பத்தைந்து ஆண்டுகளாக நடந்துவரும் ஏற்பாடு. அங்கே இதனை வவுச்சர் திட்டம் என்கிறார்கள். மாநில அரசு தரும் இந்தக் கட்டணச் சீட்டைப் பெற்றோர் தனியார் பள்ளியில் ஒப்படைத்தால் போதும். அதற்குரிய பணம் அரசு கருவூலத்திலிருந்து பள்ளிக்குச் சென்றுவிடும். கிறித்தவப் பள்ளிகளும் யூதப் பள்ளிகளும் மட்டுமல்ல, இஸ்லாமியப் பள்ளிகளும் இவ்வகையில் பணம் பெறுகின்றன. எனவே இதனை எங்கோ நடக்கும் அயலார் விவகாரமென நாம் ஒதுக்கிவிட இயலாது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, அது வெளியேறிய பின் அரசுப் பள்ளியில் எஞ்சியிருக்கும் பிள்ளைகளின் கதி என்ன என்பதை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நமக்கும் பயன் தரும்.

ஓர் ஏழைத்தாயின் கோரிக்கை

இந்தச் சிந்தனையை முதன்முதலில் விரிவாக எழுதியவர் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன், ஆண்டு 1955. கல்விக்கு அரசு பணம் தரட்டும், பள்ளியை அரசே நடத்த வேண்டிய தேவையில்லை என்பது அவர் வாதம். அதே காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் வேறொரு நோக்கத்துடன் இதே வழியைக் கைக்கொண்டன. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியில் பயில வேண்டுமென்று 1954-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அதனைத் தவிர்க்க விரும்பிய வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி 1959-இல் தன் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகள் தனியார் பள்ளியில் பயில உதவித்தொகை பெற்றனர். கறுப்புப் பிள்ளைகளுக்கோ ஐந்தாண்டுகள் அரசுப் பள்ளியே இல்லை. 1964-இல் உச்சநீதிமன்றம் தலையிட்ட பின்னரே கதவுகள் திறந்தன. இந்தக் கறை வவுச்சர் என்னும் சொல்லின் மீது இன்றளவும் படிந்திருக்கிறது.

ஆனால் இன்று நாம் காணும் திட்டத்தைத் தொடங்கிவைத்தவர் ஒரு கறுப்பினப் பெண்மணி என்பது வியப்புக்குரியது. விஸ்கான்சின் மாநிலத்தின் பெருநகரம் மில்வாக்கி. அங்கே ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டுதோறும் பள்ளியில் பின்தங்கி வந்தார்கள். அக்குடும்பங்களின் தாய்மார்களுக்காகக் குரல் கொடுத்தவர் பாலி வில்லியம்ஸ் அம்மையார். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர். பணக்காரர் தம் பிள்ளைக்கு நல்ல பள்ளியை விலை கொடுத்து வாங்குகிறார். ஏழைக்கு மட்டும் அந்த உரிமை ஏன் இல்லை என்பதே அவர் கேட்ட கேள்வி. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் ஆளுநர் டாமி தாம்ப்சனுடன் கைகோத்து 1990-இல் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார்.

அந்த முதற் சட்டத்தின் வேலிகளைக் கவனியுங்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே வவுச்சர். முந்தைய ஆண்டு தனியார் பள்ளியில் பயின்ற பிள்ளைக்கு இல்லை. நகரின் மொத்த மாணவருள் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தரக்கூடாது. மதச்சார்புள்ள பள்ளிகளுக்கு இடமில்லை. ஒரு பிள்ளைக்கான தொகை ஏறத்தாழ 2,500 டாலர். முதலாண்டில் ஏழு பள்ளிகளும் முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுமே சேர்ந்தனர். தொண்ணூறாயிரம் மாணவருக்கு மேல் பயின்ற ஒரு நகரத்தில் இது கடலில் கரைத்த பெருங்காயம்.

வேலிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. 1995-இல் மதப் பள்ளிகளுக்கு வழி திறக்கச் சட்டம் வந்தது. 1998-இல் மாநில உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரத் திட்டம் பற்றிய வழக்கில், பணம் பெற்றோரின் விருப்பப்படியே மதப் பள்ளிக்குச் செல்வதால் அரசியல் சட்டத்துக்கு முரணில்லை என்று 2002-இல் நாட்டின் உச்சநீதிமன்றமும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2011-இல் மில்வாக்கியில் எண்ணிக்கை வரம்பு நீக்கப்பட்டது. வருமான வரம்பு வறுமைக் கோட்டின் மும்மடங்குக்கு உயர்த்தப்பட்டது. ஏழைகளுக்கென வந்த திட்டம் வசதியுள்ளோர் கைக்குப் போகிறதென்று அப்போது வன்மையாக எதிர்த்தவர் வேறு யாருமல்லர். பாலி வில்லியம்ஸ் அம்மையாரே. அவர் 2014-இல் மறைந்தார். இன்று அந்த ஒரு நகரத்தில் மட்டும் ஏறத்தாழ முப்பதாயிரம் பிள்ளைகள் வவுச்சரில் பயில்கிறார்கள்.

பேருந்தில் ஐந்து இருக்கை

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளின் செலவில் ஒன்றிய அரசின் பங்கு பத்தில் ஒன்று அளவே. மீதத்தை மாநில அரசும், அந்தந்த ஊரார் செலுத்தும் சொத்து வரியும் ஏறக்குறையச் சரிபாதியாகச் சுமக்கின்றன. மாநில உதவி பெரும்பாலும் மாணவர் தலைக் கணக்கில் வருகிறது. ஒரு பிள்ளை விலகினால் அதன் பங்கும் விலகும். "பிள்ளை போய்விட்டது, அதன் செலவும் போய்விட்டது, பணம் போனால் என்ன?" என்று வவுச்சர் ஆதரவாளர்கள் வினவுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது.

நம் ஊர்களில் நிக்காஹ் வைபவத்துக்குச் செல்ல ஐம்பது பேர் சேர்ந்து ஒரு பேருந்தை வாடகைக்கு அமர்த்துகிறார்கள் என வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நானூறு ரூபாய். புறப்படும் வேளையில் ஐந்து பேர், "நாங்கள் காரில் வந்துகொள்கிறோம், எங்கள் பங்கைத் தந்துவிடுங்கள்" என்கிறார்கள். தந்துவிடலாம். ஆனால் ஐந்து இருக்கைகள் காலியாக இருப்பதால் பேருந்தின் வாடகையில் இரண்டாயிரம் ரூபாய் குறைந்துவிடுமா? ஓட்டுநருக்குப் படி குறையுமா? மீதமுள்ள நாற்பத்தைந்து பேர் கூடுதலாகப் போட வேண்டும். அல்லது அழைத்தவர் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

பள்ளியும் இத்தகையதே. ஒரு பள்ளியில் இருபது வகுப்புகள், வகுப்புக்கு இருபத்தைந்து பிள்ளைகள், பிள்ளைக்கு 12,000 டாலர் எனக் கணக்கிடுவோம். வகுப்புக்கு ஒருவராக இருபது பேர் விலகினால் 2,40,000 டாலர் போய்விடும். ஆனால் எந்த வகுப்பையும் மூட முடியாது. இருபத்து நான்கு பிள்ளைகளுக்கும் அதே ஆசிரியர் வேண்டும். குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் எரிபொருள் அதே அளவு வேண்டும். கூரையில் ஒழுகும் நீர் பிள்ளைகளை எண்ணிப் பார்த்து ஒழுகுவதில்லை. மிச்சமாவது சில புத்தகங்களும் மதிய உணவும்தான். ஆகவே பள்ளி நிர்வாகம் கைவைப்பது எதில்? நூலகர், இசை ஆசிரியர், தாதி. விலகிய இருபது பேரும் ஒரே வகுப்பினராக இருந்திருந்தால் கதை வேறு. வாழ்க்கையில் அப்படி நடப்பதில்லை.

நீண்ட காலத்தில் செலவைக் குறைக்கவே முடியாது என்று சொல்வதும் சரியன்று. சில ஆண்டுகளில் இரண்டு பள்ளிகளை ஒன்றாக்கலாம். ஓய்வுபெறும் ஆசிரியர் இடத்தை நிரப்பாமல் விடலாம். விஸ்கான்சினில் மாணவர் எண்ணிக்கையை மூன்றாண்டுச் சராசரியாகக் கணக்கிடுவதால் அடி ஒரேயடியாக விழாமல் சற்று மெத்தென்று விழுகிறது. ஆயினும் இடைப்பட்ட அந்த மூன்று நான்கு ஆண்டுகளே ஒரு பிள்ளையின் தொடக்கக் கல்விக் காலம் முழுவதும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரிச் சீட்டில் வந்த வினை

விஸ்கான்சினில் இந்தப் பணம் நடந்த பாதை விசித்திரமானது. மில்வாக்கித் திட்டத்தின் செலவில் ஒரு பகுதியை மாநிலம் தந்தது. கணிசமான பகுதியை நகரப் பள்ளிகளுக்கான உதவியிலிருந்து கழித்தது. அக்குறையை ஈடுகட்டச் சொத்து வரி உயர்ந்தது. நகர மக்கள் முணுமுணுக்கவே, அக்கழிவை ஆண்டுக்குச் சிறிதளவாகக் குறைத்து 2024-25-இல் அறவே நீக்கினார்கள்.

ஆனால் 2013 முதல் மாநிலம் முழுவதற்கும் விரிந்த திட்டம் வேறு வழியில் சென்றது. 2015-க்குப் பின் இதில் சேர்ந்த பிள்ளைகளுக்கான வவுச்சர் தொகை முழுவதும் அப்பிள்ளை வாழும் கல்வி மாவட்டத்தின் மாநில உதவியிலிருந்து கழிக்கப்படும். 2024-25-இல் அத்தொகை எட்டாம் வகுப்பு வரை 10,237 டாலர், உயர்நிலை வகுப்புகளுக்கு 12,731 டாலர். இழந்ததை ஈடுசெய்ய மாவட்டம் தன் சொத்து வரியை அதே அளவு உயர்த்திக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. ஊரார் வீட்டுக்கு வரும் வரிச்சீட்டில் "உங்கள் அரசுப் பள்ளி" என்ற தலைப்பின்கீழ்த் தொகை கூடுகிறது. பணமோ தனியார் பள்ளிக்குப் போகிறது. வரி கூடியதற்கு வசை வாங்குவது அரசுப் பள்ளியின் நிர்வாகம். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை!

இன்னொன்றும் உண்டு. மாநிலத் திட்டம் தொடங்கிய 2013-இல் வவுச்சர் பெற்றோருள் பெரும்பாலோர் ஏற்கெனவே தனியார் பள்ளியில் பயின்று வந்தவர்களே. அவர்கள் அரசுப் பள்ளியை விட்டு விலகவில்லை. அங்கே அவர்களுக்காக எந்தச் செலவும் இருந்ததில்லை. எனவே மிச்சமாக எதுவும் இல்லை. அதுவரை பெற்றோர் செலுத்திய கட்டணத்தைப் பொதுப்பணம் ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்த உண்மை முழு வடிவில் வெளிப்பட்ட இடம் அரிசோனா. அங்கே 2011-இல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கென ஒரு கல்விக் கணக்கு தொடங்கப்பட்டது. கட்டணச் சீட்டுக்குப் பதில் பெற்றோர் பெயரில் பணம். பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டுக் கல்விக்கும் செலவிடலாம். அதனை எல்லாருக்கும் விரிக்கலாமா என 2018-இல் மக்களிடம் கேட்டபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாமென்றனர். ஆனால் 2022-இல் சட்டமன்றம் விரித்துவிட்டது. கோடீசுவரர் பிள்ளைக்கும் உண்டு. முதலில் விண்ணப்பித்தவர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் அரசுப் பள்ளியில் பயிலாதவர்கள். 2024 நிதியாண்டுக்கு ஆறரைக் கோடி டாலர் ஆகுமென்று மதிப்பிட்ட கூடுதற் செலவுக்கு எதிரே, திட்டத்தின் மொத்தச் செலவு எழுபது கோடியைத் தாண்டியது. அவ்வாண்டு மாநிலத்தின் வரவுசெலவில் பெரும் பற்றாக்குறை. வருமான வரிக் குறைப்பும் அதற்குக் காரணமென்பதால் பழி முழுவதையும் வவுச்சர் தலையில் சுமத்துவது முறையாகாது. ஆயினும் பங்கு இல்லையென்று மறுக்கவும் முடியாது.

மறுபக்கத்தார் சொல்வது

நீதியோடு பேசுவதென்றால் ஆதரவாளரின் சொல்லுக்கும் செவி கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் ஆகும் மொத்தச் செலவைவிட வவுச்சர் தொகை பல மாநிலங்களில் குறைவு. உண்மையாகவே அரசுப் பள்ளியிலிருந்து விலகி வரும் ஏழைப் பிள்ளையைப் பொறுத்தவரை மாநிலக் கருவூலத்துக்கு மிச்சமே. போட்டி வந்தால் அரசுப் பள்ளியும் விழித்துக்கொள்ளும் என்பது இரண்டாவது வாதம். புளோரிடா மாநிலத்தை ஆராய்ந்தோர், தனியார் பள்ளிகளின் போட்டி மிகுந்த இடங்களில் அரசுப் பள்ளி மாணவரின் தேர்ச்சி சற்றே உயர்ந்ததைக் கண்டனர். ஆனால் லூயிசியானாவில் வவுச்சர் பெற்றுச் சென்ற பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் பின்தங்கினர் என்பதும் ஆய்வில் வெளிப்பட்டதே. மில்வாக்கியில் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் வவுச்சர் பெற்ற தனியார் பள்ளிகளுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு தொடர்ந்து நடக்க இயலாமல் வீழ்ந்தன. பள்ளி மூடப்பட்ட மறுநாள் அப்பிள்ளைகள் எங்கே போவார்கள்? எவரையும் திருப்பியனுப்ப முடியாத அரசுப் பள்ளியின் வாசலுக்குத்தான் பலர் வர வேண்டும்.

மில்வாக்கி அரசுப் பள்ளி நிர்வாகத்தையும் குற்றமற்றதென்று சொல்வதற்கில்லை. மாணவர் தொகை தொண்ணூறாயிரத்திலிருந்து அறுபத்தைந்தாயிரம் அளவுக்கு இறங்கியதற்கு வவுச்சர் மட்டும் காரணமன்று. பிறப்பு குறைந்தது, தனி அனுமதி பெற்ற சார்ட்டர் பள்ளிகள் வந்தன, புறநகர்ப் பள்ளிகளும் இழுத்துக்கொண்டன. 2024 ஏப்ரலில், நான்காண்டுகளில் படிப்படியாக ஆண்டுக்கு 25 கோடி டாலர் கூடுதலாகத் திரட்ட நகர மக்கள் மயிரிழையில் இசைவளித்தார்கள். அடுத்த சில வாரங்களிலேயே நிர்வாகம் மாநிலத்துக்குத் தர வேண்டிய கணக்குகளை நெடுநாளாகத் தரவில்லை என்பது வெளியாகித் தலைமை அதிகாரி பதவி விலகினார். கையேந்தியவர் கணக்குக் காட்டாதிருந்தால் கொடுத்தவர் மனம் நோகாதா?

நம்மவர் நிற்கும் இடம்

மில்வாக்கியில் கிளாரா முஹம்மது பள்ளி, சலாம் பள்ளி ஆகிய இஸ்லாமியப் பள்ளிகள் வவுச்சர் மாணவரைச் சேர்த்துக்கொண்டன. எளிய வருவாயுள்ள முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை குர்ஆனும் அரபு மொழியும் கற்றுக்கொண்டே விஞ்ஞானமும் பயில இத்திட்டம் வழி திறந்தது. இதனை ஒரு நன்மை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நிபந்தனைகளும் உண்டு. விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல் முறையில் சேர்க்க வேண்டும்; பெற்றோர் எழுதிக் கொடுத்தால் மார்க்க வகுப்பிலிருந்து பிள்ளைக்கு விலக்கு அளிக்க வேண்டும்.

அதே நகரத்தில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியா குடும்பங்கள் பெருந்தொகையாகக் குடியேறியிருக்கின்றன. ஒரு சொல் ஆங்கிலமும் தெரியாமல் வந்து இறங்கிய அப்பிள்ளைகளுள் பலரைக் கைப்பிடித்து எழுதவைத்தவை அந்நகர அரசுப் பள்ளிகள். கண் தெரியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளை என யார் வந்தாலும் தேவையான தனி ஆசிரியரைத் தந்து கற்பிக்க வேண்டுமென 1975-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளியைக் கட்டாயப்படுத்துகிறது. வவுச்சர் பெறும் தனியார் பள்ளிக்கு அக்கடமை அந்த அளவுக்கு இல்லை. ஆகவே செலவு குறைந்த பிள்ளைகள் விலக, செலவு மிகுந்த பிள்ளைகள் தங்குகிறார்கள். தலைக் கணக்கில் பணத்தைப் பிரிக்கும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. சலாம் பள்ளியின் பிள்ளையும் ரோஹிங்கியாப் பிள்ளையும் ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழக்கூடியவர்கள். ஒருவருக்குக் கிடைத்ததை மற்றவரின் தட்டிலிருந்து எடுக்காமல் தர வேண்டுமானால், வவுச்சருக்கெனத் தனியாக நிதி ஒதுக்க வேண்டும். வருமான வரம்பு வேண்டும். ஏற்கெனவே கட்டணம் செலுத்தி வருபவரைச் சேர்க்கலாகாது. 1990-இல் பாலி வில்லியம்ஸ் அம்மையார் போட்ட வேலிகளுள் பின்னிரண்டும் இருந்தன என்பதே என் கருத்துக்கு ஆதாரம்.

இந்திய வாசகருக்கு இது முற்றிலும் புதியதன்று. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் கால் பங்கு இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டுமென்கிறது. அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, தனியார் பள்ளியின் கட்டணம் இவ்விரண்டில் எது குறைவோ அதனைப் பள்ளிக்குத் திருப்பித் தருகிறது. பெயர் வேறு; பொருள் ஏறக்குறைய வவுச்சர்தான். ஆனால் நலிந்தோருக்கு மட்டும் என்ற வேலி இங்கே உண்டு.

வேலியே இல்லாமல் நெடுந்தூரம் சென்று திரும்பிய நாடு சிலி. இராணுவ ஆட்சி 1981-இல் நாடு முழுவதும் தலைக் கணக்குப் பணத்தைத் தனியார் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே வகையில் கொடுத்தது. 1993 முதல் தனியார் பள்ளிகள் அதற்கு மேலும் கட்டணம் வாங்கலாம் என்றானது. தொடக்கத்தில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகள் பயின்ற நகராட்சிப் பள்ளிகள் நாற்பது விழுக்காட்டுக்கும் கீழே இறங்கின. அங்கே எஞ்சியவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள். 2006-இலும் 2011-இலும் மாணவர்களே தெருவுக்கு வந்தார்கள். 2008-இல் ஏழைப் பிள்ளைக்குக் கூடுதல் தொகையும், 2015-இல் அரசுப் பணம் பெறும் பள்ளி இலாபம் பார்க்கவும் பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்க்கவும் தடையும் சட்டமாயின. ஏற்பாட்டைக் கலைக்கவில்லை, முப்பது ஆண்டுகளுக்குப் பின் வேலி போட்டார்கள்.

அமெரிக்காவிலோ வழக்கு இன்னும் முடியவில்லை. 2024 நவம்பரில் கென்டக்கி, நெப்ராஸ்கா, கொலராடோ ஆகிய மூன்று மாநிலங்களிலும் மக்களிடம் நேரடியாகக் கேட்டபோது தனியார் பள்ளிக்குப் பொதுப்பணம் தரும் வழிகளை அவர்கள் நிராகரித்தனர். அடுத்த ஆண்டே டெக்சாஸ் சட்டமன்றம் நூறு கோடி டாலரில் ஒரு திட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஜூலையில் ஒன்றிய அரசும் களத்தில் இறங்கிவிட்டது. உதவித்தொகை நிறுவனங்களுக்கு நன்கொடை தருவோர் ஒவ்வொருவருக்கும் 1,700 டாலர் வரை வரியிலிருந்து அப்படியே கழித்துத் தரும் அந்தச் சட்டம் 2027-இல் நடைமுறைக்கு வரும். இதில் சேர்வதா விலகுவதா என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும்.